சுண்டு விரல் மட்டும் என்னுடையது

இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனுக்கு நான் ஐம்பத்தேழு நிமிடம் தாயாக இருந்தேன். மீசையோடு. அதுவும் ஒரு விமான நிலையத்தில், வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பாதி கடித்த போண்டாவோடு.

இதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். என் மனைவி நம்பினாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாதாடிக் களைத்துப் போனவள் அவள். மகள் நம்பினாள். நடைப்பயிற்சிக்கு வரும் ஏழு பேரும் நம்பினார்கள். நம்பாவிட்டால் நான் மறுபடி முதலிலிருந்து சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். நம்பாதவர் உலகத்திலேயே ஒருவர்தான். என் சம்பந்தி அம்பலவாணன். அவர்தான் அது நடந்தபோது என் பக்கத்திலேயே நின்றவர்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக முப்பத்தாறு வருடம் இருந்தேன். பதிவு செய்த குரல்கள் வந்த பிறகும் எங்கள் நிலையத்தில் என்னை விட்டுவைத்தார்கள். என் குரலைக் கேட்டால் தாமதமான வண்டிகள் வெட்கப்பட்டு வேகமாக வரும் என்று மேலதிகாரி ஒருவர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் இப்போது கிடைக்கவில்லை. "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்வேன். அந்தச் சற்று நேரம் இருபது நிமிடமாகவும் இருக்கும், ஐந்து மணி நேரமாகவும் இருக்கும். இப்படி அரசாங்கமே மைக்கைக் கையில் கொடுத்துப் புளுக வைத்த ஆள் நான். ஓய்வு பெற்றதும் பழக்கத்தை விட முடியவில்லை.

சம்பந்தி நேர் எதிர். தடய அறிவியல் துறையில் கையெழுத்து ஆய்வாளராக இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். என் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்த அன்று, நான் எழுதிக் கொடுத்த ஜாதகக் குறிப்பை அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மூணாவது வரியில கை தயங்கியிருக்கு. என்ன மறைச்சீங்க?" என்று கேட்டார். மறைத்தது மகளின் கோபம். அதைப் பிற்பாடு அவர் மகன் நேரில் கண்டுகொண்டான்.

அந்தப் பிள்ளைகள் இருவரும் இப்போது போர்ட் பிளேரில் இருக்கிறார்கள். பேத்திக்கு முதல் பிறந்தநாள். எங்கள் வீட்டம்மாக்கள் ஒரு மாதம் முன்பே போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் காலை ஒன்பதரைக்கு ஒரு இருபது இருக்கை விமானத்தில் ஏறி, தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து அடுத்த விமானத்துக்கு நாலரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் எனக்குச் சிலை வைத்துவிடுவார்கள். வெயிலில் நிற்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நிலையம் அவ்வளவு சிறியது. விமானம் இறங்கும்போது காத்திருப்போர் நாற்காலியில் இருப்பவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

பொழுது போகவே இல்லை. பெட்டி எடை பார்க்கும் மேடையில் நான் மூன்று தடவை ஏறி நின்றேன். நாலாவது தடவை சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பிவிடுவார்கள் என்று சம்பந்தி எச்சரித்தார். அவர் தன் பங்குக்குக் கழிப்பறைக் கதவில் தொங்கிய அட்டையை ஆராய்ந்தார். ஒவ்வொரு மணிக்கும் சுத்தம் செய்தவர் போட்ட கையெழுத்துகள் அதில் இருந்தன. ஆறு பெயரில் ஆறு கையெழுத்து. ஆறும் ஒரே கை, ஒரே மூச்சில் போட்டது என்று வந்து சொன்னார். கண்கள் மின்னின. மனிதருக்கு அன்றைய பொழுது அதோடு போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை.

அப்போதுதான் மூலையில் அந்தப் பலகை கண்ணில் பட்டது. "உடன்வரவு" என்று எழுதியிருந்தது. அதன் கீழே சாய்வு நாற்காலிகள் நான்கு, மேசைக்குப் பின்னால் ஒரு பெண். பெயர் ஜெசிந்தா. மேசை மேல் ஒரு தட்டில் போண்டா.

போண்டா யாருக்கு என்று கேட்டேன். இரவல் கொடுக்கிறவர்களுக்கு என்றாள். எதை இரவல் கொடுக்க வேண்டும் என்றேன்.

"உங்களைத்தான் ஐயா. வருஷக்கணக்கா படுக்கையில இருக்கறவங்க, எழுந்து நடக்க முடியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. நீங்க இங்க சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டுட்டு இருக்கீங்க. உங்க கை, கால், கண்ணு, வாய் எல்லாத்தையும் ஒரு இருபது நிமிஷம் அவங்களுக்குக் குடுக்கலாம். அவங்க வீட்டுல ஒரு பட்டையைக் கழுத்துல கட்டிக்குவாங்க. நீங்க இங்க ஒண்ணு கட்டிக்கணும். உங்களுக்குள்ள வந்து ஒரு நடை நடந்துட்டுப் போயிடுவாங்க."

"அப்ப நான் எங்கே போறது?"

"எங்கேயும் போக வேண்டாம். உள்ளேயே பின் சீட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு இருப்பீங்க. எல்லாம் கேக்கும், எல்லாம் தெரியும். அசைய முடியாது, பேச முடியாது."

அதுவரை செய்தித்தாளுக்குள் இருந்த சம்பந்தி தலையை வெளியே நீட்டினார். "பேசவே முடியாதா?"

முடியாது என்றாள் ஜெசிந்தா.

"இருபது நிமிஷத்தைக் கூட்ட முடியாதா?"

கூட்டலாம் என்றாள். இருபது நிமிடம் முடிந்ததும் பட்டை ஒரு சத்தம் கொடுக்கும். இரவல் வாங்கியவர் "போறேன்" என்று சொன்னால் வெளியேறிவிடுவார். "வரேன்" என்று சொன்னால் இன்னொரு இருபது நிமிடம். இப்படி அறுபது நிமிடம் வரைக்கும். அறுபதைத் தொட்டால் எந்திரம் தானாக அறுத்துவிடும். அதுமட்டும் நடக்கக் கூடாது. சொல் சொல்லிப் பிரிந்தால் கதவைச் சாத்துவது மாதிரி, தானாக அறுந்தால் கதவிடுக்கில் விரல் நசுங்குவது மாதிரி. அப்படி அறுந்து, இரவல் கொடுத்த ஒருவருக்கு ஆறு மாதம் பேச்சே திரும்பவில்லையாம்.

"பயப்படாதீங்க. உங்க இடது கை சுண்டு விரல் மட்டும் உங்ககிட்டயே இருக்கும். எப்ப வேண்டாம்னு தோணுதோ அதை மடக்குங்க. உடனே நின்னுடும். இன்னொண்ணு, வர்றவங்க தனக்குத் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட, தான் யாருன்னு சொல்லாமப் பேசக் கூடாது. அது சட்டம்."

சம்பந்தி செய்தித்தாளை மடித்து வைத்தார். இதற்குப் பெயர் ஆள்மாறாட்டம் என்றும், முப்பத்தொரு வருடம் இதைச் செய்தவர்களைத்தான் உள்ளே அனுப்பி வைத்ததாகவும் சொன்னார். பிறகு என் பேச்சு நிற்கும் என்பதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "போண்டா ஆறிடப் போகுது, உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு போண்டாவை எடுத்துப் பாதி கடித்தேன். பட்டை கழுத்தில் சில்லென்று ஒட்டியது. என் வாய் எனக்குத் தெரியாமல் மென்மையாக ஒரு சொல் சொன்னது: "வரேன்."

வந்துவிட்டார்.

முதல் வேலை வருகைச் சீட்டு. ஜெசிந்தா பேனாவை நீட்டினாள். என் கை அதை வாங்கியது. வாங்கிய விதமே வேறு. நான் பேனாவைக் கடப்பாரை போலப் பிடிப்பவன். இந்தக் கை அதை ஊதுவத்தி போலப் பிடித்தது. பெயர்: சுகந்தி. ஊர்: சிவகாசி. காரணம் என்ற இடத்தில் "நடக்கணும்" என்று எழுதியது. சம்பந்தி நகலை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, நானே கையை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று தீர்ப்புச் சொன்னார். மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு நிலைமை வந்ததில்லை.

சுகந்தி எழுந்து நின்றார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பின் சீட்டில் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவரின் நினைப்பு தெரியாது. ஆனால் உணர்ச்சி மட்டும் மழைக்காலத்துச் சுவர் மாதிரி ஒழுகி வரும். எனக்குள் ஒழுகியது சந்தோஷம். எதற்கு என்று தேடினேன். என் முழங்காலுக்கு. பதினைந்து வருடமாக நான் திட்டாத நாளில்லாத, மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிற அந்த முழங்காலை அவர் குனிந்து தடவிக் கொடுத்தார். பிறகு நடந்தார். கூடத்தைச் சுற்றி மூன்று தடவை. மூன்றாவது சுற்றில் சுவரை ஒட்டிக் கொஞ்சம் ஓடினார். நான் கடைசியாக ஓடியது பணியில் சேர்ந்த அன்று. என் முழங்காலுக்கு இந்த வயதில் ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள்.

சம்பந்தி பின்னாலேயே வந்தார். "இடுப்பை அவ்வளவு ஆட்டாதீங்க, நடிப்புன்னு தெரிஞ்சுடும்" என்று காதோரம் சொன்னார்.

நாலாவது சுற்றில் கால்கள் நின்றன. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் ஒரு பையன். நீலச் சட்டை, மடியில் ஒரு பெரிய முதுகுப்பை. அவனைப் பார்த்ததும் என் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அது பசி இல்லை, வாயுவும் இல்லை. எனக்கு இதற்கு முன் அந்த இடத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. புரிந்துவிட்டது. இந்த அம்மாள் நடக்க வரவில்லை.

சட்டப்படி நான் அப்போதே விரலை மடக்கியிருக்க வேண்டும். ஜெசிந்தா சொன்னது நன்றாக நினைவிருந்தது. சுண்டு விரல் துடித்ததும் உண்மை. ஆனால் பாருங்கள், முப்பத்தாறு வருடம் நடைமேடையைப் பார்த்துக்கொண்டு கண்ணாடி அறையில் இருந்தவன் நான். வழியனுப்ப வந்தவர்கள் ஓடி வந்து ஒரு நிமிடத்தில் வண்டியைத் தவறவிட்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்தும் கொடி என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு விரல் இருந்தது. விரலை நீட்டியே வைத்திருந்தேன்.

அவர் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் குரலில், ஆனால் நான் ஒருநாளும் பேசாத நிதானத்தில், தம்பி எங்கே பயணம் என்று கேட்டார். நார்வே என்றான். கடலுக்கு நடுவில் காற்றாலைகள் நட்டிருக்கிறார்களாம்; அவற்றைப் பழுதுபார்க்கும் வேலை, இரண்டு வருடம். பெயர் நிதிலன். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்பதைப் பார்த்ததும் அவனே பேச ஆரம்பித்தான்.

அம்மா காலண்டர் அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தாராம். பதினாலு மாதம் முன்பு அச்சகத்துப் படியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சித்திதான் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்கு அழைப்பு வந்தபோது இவன் போகவில்லை என்று சொல்லிவிட்டான். அம்மாவுக்கு வந்ததே கோபம். நீ இங்கே இருந்து என்ன கிழிக்கப் போகிறாய், உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே கிடக்கச் சொல்கிறாயா, போ என்று கத்திவிட்டாராம். ஒரு வாரம் முகம் கொடுத்தும் பேசவில்லை. இன்று காலை இவன் வாசலில் நின்றான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அம்மா மேல கோவமா தம்பி?" என்றது என் வாய்.

"கோவம்லாம் இல்லைங்க. போன்னாங்க. சரி, போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்தச் சொல் என் நெஞ்சில் இறங்கிய வேகத்தை எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் யார் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார்கள்? தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லுவான். மறந்துபோய் "போறேன்" என்று சொன்னவனை வாசலிலிருந்து திரும்ப அழைத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்து அனுப்புவார்கள். இந்தப் பையன் ஏழு கடல் தாண்டி இரண்டு வருடத்துக்குக் கிளம்புகிறவன், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதை மாற்றிச் சொல்ல வைக்கத்தான் அந்த அம்மாள் சிவகாசிப் படுக்கையிலிருந்து என் முழங்காலில் ஏறி வந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

தான் யார் என்று சொல்லவும் அவருக்குப் பயம். தெரிந்தால் பையன் இங்கேயே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவானே. அதனால் சுற்றி வளைத்துப் பார்த்தார். அம்மாக்கள் கோபத்தில் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார். அவன் தலையாட்டினான். ஊருக்கு எப்போது வருவாய் என்றார். பார்க்கலாம் என்றான். அதற்குள் கழுத்தில் பட்டை ஒலித்தது. இருபது நிமிடம் முடிந்தது.

சுகந்தி எழுந்தார். வந்த வேலை முடியவில்லை, நேரம்தான் முடிந்துவிட்டது. நம் ஊர்க்காரர் யாரும் செய்வதைத்தான் செய்தார். அவன் தோளைத் தட்டி, "சரிப்பா. அப்ப நான் வரேன்" என்றார்.

பட்டை சந்தோஷமாக ஒரு கூவு கூவியது. இன்னும் இருபது நிமிடம்.

மேசையில் ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். இது அவளுக்குத் தினமும் நடப்பதுதானாம். எந்த ஊர் எஞ்சினியரோ அகராதியைப் புரட்டி, வருவதற்கு "வரேன்", போவதற்கு "போறேன்" என்று வைத்துவிட்டார். இங்கே போகிறவர்தான் "வரேன்" என்பார். வருகிறவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றுவார். இது அந்த எந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

இரண்டடி நடந்த பிறகுதான் தான் இன்னும் என் காலில் நிற்பது சுகந்திக்குத் தெரிந்தது. அப்போது சென்னை விமானத்துக்கு அழைத்தார்கள். நிதிலன் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அவர் அவன் பின்னால் போய் நின்றார். அவன் முதுகுப்பையின் ஜிப் ஓர் அங்குலம் திறந்திருந்தது. என் கை நீண்டது. ஜிப்பை ஓரம் வரை இழுத்து மூடியது. பை மேல் இரண்டு தட்டுத் தட்டியது.

அவன் அப்படியே நின்றுவிட்டான். பாலர் வகுப்பிலிருந்து கல்லூரி வரை அவன் வாசல் தாண்டும்போதெல்லாம் முதுகில் விழுந்த தட்டு அது. திரும்பினான். மீசையைப் பார்த்தான். வேட்டியைப் பார்த்தான். கழுத்துப் பட்டையைப் பார்த்தான். கடைசியாகக் கண்ணைப் பார்த்தான்.

"அம்மா?"

என் தலை ஆடியது.

"எப்படிம்மா வந்தே?"

"நடந்து வந்தேன்டா."

நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள். இதை மட்டும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் அந்த வரிசையில், இருபது பேர் பார்க்க, குனிந்து என் காலைத் தொட்டான். பிறகு முழங்காலைத் தொட்டான். என் காலையா தொட்டான்? நான் பின் சீட்டில் கண்ணீர் விட்டேன். முன் சீட்டிலும் கண்ணீர். ஒரே ஜோடிக் கண்ணில் இரண்டு பேர் அழுதால் எவ்வளவு வரும் என்று எண்ணிப் பாருங்கள். மீசை நனைந்து சட்டை நனைந்து தரையில் வழுக்கிவிழும் அபாயம் ஏற்பட்டது.

அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாடா?" என்றார். இல்லை என்றான். என் இடது கையில் இவ்வளவு நேரமும் மறந்துபோய் இருந்த அந்தப் பாதிப் போண்டாவை அவன் வாயில் வைத்தார். எச்சில் என்று யோசிக்காமல் தின்றான். பிறகு, வாய் நிறையப் போண்டாவோடு, அந்தச் சொல்லைச் சொன்னான்.

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வா."

போனான். ஓடுபாதையில் விமானம் நின்றது. கதவை மூடினார்கள். பட்டை ஒலித்தது; நாற்பது நிமிடம். இந்தத் தடவை அவர் தெரிந்தே, பட்டையைத் தொட்டுக்கொண்டு, "வரேன்" என்றார். விமானம் மேலே போவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

அது போகவில்லை. ஓடுபாதையில் மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. நான் நூறு மயில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒன்றுதான். ஜீப்பில் போய் விரட்டினார்கள். அது பறந்து போய் இன்னொரு முனையில் நின்றது. ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஜெசிந்தா ஓடி வந்தாள். அறுபதைத் தொட்டால் இந்த ஐயாவின் பேச்சு போய்விடும், தயவுசெய்து அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

"பிள்ளை ஏறி உட்கார்ந்திருக்கான். இந்த நேரத்துல அந்த வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன் பாப்பா."

"அம்மா, அது வெறும் எந்திரத்துக்கும்மா."

"எந்திரத்துக்கு எது வேணா இருக்கட்டும். நான் தாயி."

பிறகு கண்ணாடிச் சுவரில் தெரிந்த என் முகத்தைப் பார்த்து, என்னிடமே பேசினார். "ஐயா, உள்ள கேக்குதுல்ல? உங்களுக்குப் பயமா இருந்தா விரலை மடக்கிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்க காலு எனக்குச் செஞ்சதே போதும்."

மடக்கவில்லை. என் சொத்து என்று எனக்கு இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். அது போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் மடக்கவில்லை. சம்பந்தி என் இடது பக்கம் வந்து நெருக்கமாக நின்றார். மோசடி எங்கே என்று கடைசி வரை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தைந்தில் மயில் மனம் மாறியது. விமானம் ஓடியது, எழுந்தது, பனைமரங்களுக்கு மேலே போய்ப் புள்ளியானது. ஐம்பத்தேழு. அப்போது நான் என் முழுப் பலத்தையும் திரட்டினேன். மலையைப் புரட்டுகிற பலம். ஒரு ரயில் எஞ்சினை ஒற்றை விரலால் இழுக்கிற பலம். சுண்டு விரல் மடங்கியது. சுகந்தி என்னைவிட்டு, கதவைச் சாத்துவது போல், மெதுவாகப் போய்விட்டார்.

திரும்பக் கிடைத்த வாயால் நான் சொன்ன முதல் வாக்கியம்: "என் போண்டா எங்கே?" அதன் பிறகு போர்ட் பிளேர் வரை நிறுத்தவில்லை என்கிறார் சம்பந்தி.

அங்கே பேத்தியின் பிறந்தநாள் விழாவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். விரலை மடக்கிய கட்டத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். சம்பந்தி கேக்கைச் சாப்பிட்டபடி, "எல்லாம் நடிப்பு. நான் பக்கத்துலதான் இருந்தேன், ஒண்ணும் நடக்கலை" என்றார். அன்றிலிருந்து நான் எப்போது சொன்னாலும், எங்கே சொன்னாலும், இதே வாக்கியம். என் கதைகளில் உண்மையாக நடந்த ஒரே ஒன்றை இப்படி ஒரே சாட்சி மறுக்கிறாரே என்று எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அன்றிலிருந்து "போறேன்" என்ற சொல் என் வாயில் வருவதில்லை. எழுத முடிகிறது, பாருங்கள், எழுதிவிட்டேன். சொல்ல நாக்கு மறுக்கிறது. மருத்துவர், இரவல் கொடுத்ததன் பின்விளைவு, ஒன்றிரண்டு சொல் இப்படி ஒட்டிக்கொண்டோ உதிர்ந்தோ போகும் என்றார். உதிர்ந்தது உதிர்ந்ததாகவே இருக்கட்டும் என்றேன். முழங்காலையும் இப்போது திட்டுவதில்லை. வலிக்கும்போது, இன்னொருத்தருக்கு நீ எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா என்று சொல்லித் தடவிக் கொடுக்கிறேன். அந்தப் பட்டைக் கம்பெனிக்காரர்களும் வெளியேறும் சொல்லை மாற்றிவிட்டார்களாம். இப்போது "சரி, வெச்சிடுறேன்" என்று சொன்னால் போதுமாம், போனை வைப்பது மாதிரி. யாரோ ஒரு தமிழரைக் கேட்டிருக்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்து, போன வாரம், எனக்கு ஒரு கடிதம் வந்தது. சிவகாசியிலிருந்து. சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தார். சத்தமாகப் படித்தேன்.

"ஐயாவுக்கு வணக்கம். ஜெசிந்தா பாப்பாவிடம் கெஞ்சி விலாசம் வாங்கினேன். நிதிலன் பொங்கலுக்கு வருகிறான். வாரம் இரண்டு தடவை பேசுகிறான். ஒவ்வொரு தடவையும் வைக்கும்போது, வரேம்மா என்று சொல்லித்தான் வைக்கிறான். அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்தது தப்பு. உங்கள் பேச்சு போயிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நடுங்குகிறது. உங்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நல்ல முழங்கால். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சுகந்தி."

படித்து முடித்ததும் சம்பந்தி கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி மேசையில் விரித்தார். பிறகு பணப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அன்றைய வருகைச் சீட்டின் நகல். ஏழு மாதமாக அதை வைத்திருக்கிறார் மனிதர். பூதக்கண்ணாடி வெளியே வந்தது. "நடக்கணும்" என்ற சொல்லைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். புள்ளிகளைக் குட்டி வட்டமாகப் போட்டிருக்கிறார் என்று முணுமுணுத்தார். ணகரத்தின் சுழியைப் பார்த்தார். என் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது.

கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே கைதான். நடந்தது சம்பந்தி."

நான் எழுந்தேவிட்டேன். ஏழு மாதம் காத்திருந்த சொல் அது. ஒரு கடிதம் வந்துதான் நீங்கள் நம்ப வேண்டியிருந்ததா என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகு, குரலைத் தாழ்த்தினார்.

"கடிதத்துக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கு அம்பத்தி மூணாவது நிமிஷத்துலயே உங்க சுண்டு விரல் ஆட்டம் நின்னு போச்சு. பையன் மேல போகட்டும்னு காத்துட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன். விமானம் போச்சு. அப்பவும் விரல் அசையலை. உங்க கண்ணு வழியா அந்தம்மா என்னையே பார்த்துச்சு. உங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

நான் என் விரலைப் பார்த்தேன். மலையைப் புரட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் விரலில் வேறு ஒரு கையின் சூடு பட்டதும், இப்போது கேட்கக் கேட்க, நினைவுக்கு வருகிறது.

"நம்புறேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, இதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். என் மருமக பயந்து உங்களைத் தனியா எங்கேயும் விட்டிருக்காது. நடிப்புன்னு சொன்னதுதான் எல்லாருக்கும் நல்லது." ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நம்பாதவன் எதுக்கு சம்பந்தி உங்க விரலைப் பிடிச்சு மடக்கணும்?"